ஓட்டிங் சம்பவம்: கூட வேலை பார்த்தவர் மூலமா எனக்குத் தெரிய வந்தது

2021 டிசம்பர்ல நான் நாகாலாந்து திமாபூர்ல ஒரு சைட்ல இருந்தேன். எங்க ஸ்டோர் பார்த்துக்கிட்டவர் மோன் மாவட்டத்துக்காரர், கொன்யாக்ங்கற நாகா பழங்குடி இனம். 5ஆம் தேதி ஞாயித்துக்கிழமை காலையில இருந்து அவருக்கு விடாம போன். மோன் மாவட்டத்துல மொபைல் நெட்டைக் கட் பண்ணிட்டாங்க, வாய்ஸ் கால் மட்டும்தான், அதுவும் விட்டு விட்டு. ஒவ்வொரு கால் வரும்போதும் ஸ்டாக் ரிஜிஸ்டரோட கடைசிப் பக்கத்துல ஒரு பேர், ஒரு ஊர்னு எழுதிக்கிட்டே இருந்தார். நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன், என்ன சொல்றதுன்னே தெரியலை.

நடந்தது இதுதான். முந்தின நாள் சாயங்காலம் மோன் மாவட்டத்துல 'திரு'ங்கற இடத்துப் பக்கம் நிலக்கரிச் சுரங்க வேலை முடிச்சு பிக்கப் வண்டியில ஓட்டிங் கிராமத்துக்குத் திரும்பிட்டிருந்த 8 பேர் மேல ராணுவத்தோட ஸ்பெஷல் ஃபோர்ஸ் சுட்டுது, 6 பேர் செத்துட்டாங்க. தேடிப் போன ஊர்க்காரங்க உடம்புகளைப் பார்த்துக் கொதிச்சுப் போக, அந்த மோதல்ல இன்னும் 7 பேர், கூடவே ஒரு சிப்பாயும். மறுநாள் மோன் டவுன்ல ஒருத்தர். ஆக மொத்தம் பொதுமக்கள் 14 பேர்.

6ஆம் தேதி உள்துறை அமைச்சர் அமித் ஷா லோக்சபாவுல, வண்டியை நிறுத்தச் சொல்லி சிக்னல் குடுத்தாங்க, நிக்காம தப்பிக்கப் பார்த்துச்சு, தீவிரவாதிங்கன்னு தப்பா நினைச்சதால நடந்துருச்சுன்னு சொன்னார். டிவியில அதைக் கேட்டதும் எங்க ஸ்டோர்காரர் எந்திரிச்சு வெளிய போயிட்டார். சிக்னலே குடுக்கலைன்னு உயிர் பிழைச்ச ஒருத்தர் மீடியாகிட்ட சொன்னார். நாகாலாந்து போலீஸோட சிறப்பு விசாரணைக் குழு (எஸ்ஐடி) விசாரிச்சு 2022ல ஒரு மேஜர் உட்பட 30 பேர் மேல சார்ஜ்ஷீட் போட்டுது, நடைமுறை விதிகளை மதிக்கலைன்னு சொல்லி. அதுக்கப்புறம்தான் முட்டுக்கட்டை. ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தோட 6ஆம் பிரிவுப்படி மத்திய அரசு அனுமதி இல்லாம ராணுவத்தாள் மேல கேஸ் நடத்த முடியாது, அந்த அனுமதியை மறுத்துட்டாங்கன்னு 2023 ஏப்ரல்ல தெரிய வந்துச்சு.

கேஸ் நடந்திருந்தா யார் எந்தத் தகவலை நம்பிப் போனாங்க, யார் உத்தரவு குடுத்தாங்க, நிஜமாவே சிக்னல் குடுத்தாங்களா இல்லையான்னு கோர்ட்ல எல்லாரும் கேக்கற மாதிரி வந்திருக்கும். தண்டனை கிடைக்குதோ இல்லையோ அது வேற, என்ன நடந்துச்சுன்னாவது சொல்லணும்ல? செத்தவங்க குடும்பத்துக்கு மட்டுமில்ல, வரி கட்டற நமக்கும் அதைக் கேக்கற உரிமை இருக்கு.

லீவுல ஊருக்கு வந்தப்போ, சுபேதாரா ரிட்டையர் ஆன எங்க மாமாகிட்ட இதைப் பத்திக் கேட்டேன். கோவப்படுவார்னு நினைச்சேன். "விசாரிச்சு வெளிய சொல்லணும் தம்பி, மூடி வச்சா ஒழுங்கா டூட்டி பார்த்தவனையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவாங்க"ன்னார்.

அந்த டிசம்பர்லயே அரசு தரப்புல இழப்பீடா குடுத்த 18.30 லட்ச ரூபாய் பணத்தை ஓட்டிங் கிராம கவுன்சில் ஏத்துக்கலை, குத்தவாளிங்களை முதல்ல சட்டத்துக்கு முன்னால நிறுத்துங்கன்னாங்க. 2024 செப்டம்பர்ல அனுமதி இல்லைங்கறதால அந்த ராணுவத்தாளுங்க மேல இருந்த வழக்கை சுப்ரீம் கோர்ட் முடிச்சு வச்சப்போ ஸ்டோர்காரருக்கு போன் பண்ணேன். அனுமதி எப்ப குடுத்தாலும் கேஸைத் தொடரலாம்னு கோர்ட் சொல்லியிருக்குல்ல, எங்க ஆளுங்க அதைத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்காங்கன்னார்.