நாளைக்கு வீடியோ இண்டர்வியூ, சட்டை கேமராவுல நெளியுது – அவசர உதவி!

அவசரக்குடுக்கை · இரவு 8:52
எல்லாருக்கும் வணக்கம். நாளைக்குக் காலைல 10 மணிக்கு வீடியோ கால்ல இண்டர்வியூ. இருக்கிறதுலயே நல்ல சட்டையைப் போட்டுப் பார்த்தேன், கேமராவுல என்னமோ நெளியுது. வேற ஒண்ணு போட்டா மூஞ்சி கருப்பாயிடுது. என்ன போடறது? சீக்கிரம் சொல்லுங்க, ப்ளீஸ்.

பழையபேட்டரி · 8:58
இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்திருக்கிறது என்று தேடிப் பார்த்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. வெள்ளைச் சட்டை, கருநீலக் கோட், அடக்கமான டை. இவ்வளவுதான் விஷயம்.

லென்ஸ்மூடி · 9:03
என்னமோ நெளியுதுன்னா எப்படிங்க சொல்றது? சட்டையில மெல்லிசு கோடா, சின்னக் கட்டமா? மூஞ்சி கருப்பானது எந்தச் சட்டையில? லேப்டாப் கேமராவா, போனா? ஜன்னல் உங்க முன்னாடியா, முதுகுப் பக்கமா?

எச்சார்காரி · 9:06
என்ன வேலைக்குங்க? அதைச் சொல்லாம டிரஸ் கேட்டா எப்படி. டிசைன் ஸ்டுடியோன்னா ஒரு மாதிரி, வங்கின்னா ஒரு மாதிரி.

இஸ்திரிப்பெட்டி · 9:09
எந்தச் சட்டையா இருந்தாலும் காலரையும் தோளையும் நல்லா இஸ்திரி போடுங்க. கேமராவுல தெரியுறது அது ரெண்டும்தான். பாதிப் பிரச்சனை சுருக்கம்தான்னு எனக்கு அனுபவம்.

நாலுகண் · 9:11
கண்ணாடி போடுவீங்களா? யாருமே அதைக் கேக்கல பாருங்க.

பழையபேட்டரி · 9:14
தம்பி, டை முடிச்சு போடத் தெரியாவிட்டால் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். காலையில் பதற்றத்தில் கை ஓடாது.

அவசரக்குடுக்கை · 9:21
தம்பி இல்லீங்க சார், நான் பொண்ணு. டை எல்லாம் கிடையாது. வெள்ளையில மெல்லிசா நீலக் கோடு போட்ட சட்டை, அதுதான் நெளியுது. நான் மூச்சு விட்டாலே புழு ஓடுற மாதிரி இருக்கு. மூஞ்சி கருப்பானது சுத்த வெள்ளைச் சட்டையில. லேப்டாப்தான். வேலை அக்கவுண்ட்ஸ்ல. சர்டிபிகேட் எல்லாம் ஸ்கேன் பண்ணணும், அப்புறம் வரேன்.

பழையபேட்டரி · 9:24
அதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். சரி அம்மா, டை நீங்கலாக மற்றவை அப்படியே பொருந்தும்.

லென்ஸ்மூடி · 9:38
ஜன்னலைப் பத்தி இன்னும் சொல்லல. பரவால்ல, இருக்கிறதை வச்சுச் சொல்றேன்.

கோடு நெளியுறதுக்கு மோரேன்னு பேரு. ரெண்டு கொசுவலையை ஒண்ணு மேல ஒண்ணு வச்சு லேசா நகர்த்திப் பாருங்க, எதுலயும் இல்லாத அலை ஒண்ணு ஓடும். இங்க ஒரு வலை உங்க சட்டைக் கோடு, இன்னொண்ணு கேமராவோட புள்ளிக் கட்டம்.

கணக்கும் எளிசுதான். நிறைய லேப்டாப் கேமரா 720பி, அதாவது குறுக்கே 1280 புள்ளி. கைநீளத் தூரத்துல உட்கார்ந்தா படத்துல விழுற அகலம் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். அப்ப ஒரு சென்டிமீட்டருக்கு 16 புள்ளி. உங்க கோடு 1 மில்லிமீட்டர்னா அதுக்குக் கிடைக்கிறது ஒன்றரைப் புள்ளிதான். நெட் மந்தமாகி ஆப் படத்தை 640-க்குச் சுருக்கிட்டா முக்கால் புள்ளி. முக்கால் புள்ளியில எந்தக் கேமராவும் கோடு வரைய முடியாது, அதுக்குத் தோணினதை வரையும். மூச்சு விடும்போது துணி ஒரு மயிரிழை நகர்ந்தாலே அது வரையறது மாறும், நீங்க பார்த்த புழு அதுதான். அதனால மெல்லிசு கோடு, பொடிக் கட்டம், நெருக்கமான புள்ளி எதுவும் வேண்டாம். விரல் தண்டி அகலக் கோடுன்னா பிரச்சனையில்ல.

வெள்ளை விஷயம் வேற. கேமரா படம் மொத்தத்தையும் சராசரி பண்ணி நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். படத்துல பாதி வெள்ளைச் சட்டைன்னா வெளிச்சம் ஜாஸ்தின்னு முடிவு பண்ணி எல்லாத்தையும் இறக்கிடும், கூடவே மூஞ்சியும் இறங்கிடும். தோல் மாநிறமோ கருப்போன்னா இன்னும் மோசமாத் தெரியும். தப்பு தோல்ல இல்ல, கேமரா போடுற கணக்குல. கன்னங்கரேல்னு போட்டா இதுக்கு நேர் எதிர், மூஞ்சி வெளிறிப்போகும்.

வழவழப்பில்லாத ஒரே நிறத் துணியா எடுங்க. சாம்பல் கலந்த நீலம், மங்கின பச்சை, திராட்சை நிறம் மாதிரி. பளீர் சிவப்பு வேண்டாம். வீடியோ கால்ல வெளிச்சம் புள்ளிக்குப் புள்ளி போகும், நிறம் மட்டும் பெரும்பாலும் நாலு புள்ளிக்கு ஒண்ணுதான் போகும். கடுஞ்சிவப்போட ஓரம் கழுத்துல கசிஞ்ச மாதிரி தெரியும்.

பழையபேட்டரி · 9:45
தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவர்கள் வெள்ளைச் சட்டை அணிவதில்லையா? அவர்கள் முகம் கருத்தா போகிறது?

லென்ஸ்மூடி · 9:49
அவங்க மேல கோட் போட்டிருக்காங்க ஐயா, வெள்ளை தெரியுறது கழுத்துக்குக் கீழ ஒரு சின்ன முக்கோணம். அங்க கேமராவை ஆட்டோவுலயும் விடுறதில்ல, ஒருத்தர் உட்கார்ந்து வெளிச்சத்தைத் தானே சரி பண்ணுவார். கோட்டோட வெள்ளைன்னு நீங்க சொன்னது சரிதான். இவங்க வெறும் வெள்ளை போட்டுப் பார்த்திருக்காங்க, அதான்.

பழையபேட்டரி · 9:51
நான் முதலிலேயே கோட் என்றுதான் சொன்னேன். மேலே போய்ப் படித்துக்கொள்ளவும்.

எச்சார்காரி · 9:55
அக்கவுண்ட்ஸ்னா கொஞ்சம் முறையாத்தான் இருக்கணும். அந்த ஆபீஸ்ல தினமும் என்ன போடுவாங்கன்னு அவங்க வெப்சைட் போட்டோவுல பாருங்க, அதுக்கு ஒரு படி மேல போட்டா போதும். சட்டை நிறத்துக்காக நான் யாரையும் தள்ளினதில்ல. ஆனா ஒருத்தர் இப்படித்தான் பொடிக் கட்டம் போட்டு வந்தார். அவர் பேசுற அரை மணி நேரமும் என் கண்ணு அவர் தோள்லயே இருந்தது, பதிலை நோட்ஸ் பார்த்துத்தான் ஞாபகப்படுத்திக்கிட்டேன்.

இன்னொண்ணும் இருக்கு. ஒயர் இயர்போன்னா அதுல இருக்கிற மைக் காலர்ல உரசும். மொறமொறன்னு கஞ்சி போட்ட சட்டைன்னா நீங்க தலையாட்டும்போதெல்லாம் எங்க காதுல கரகரன்னு விழும்.

இஸ்திரிப்பெட்டி · 9:58
கஞ்சி வேண்டாம். வெறும் தண்ணி தெளிச்சு இஸ்திரி. கோட் போட்டா அதோட பின்பக்கத்தை இழுத்து அதுமேலயே உட்காருங்க. இல்லேன்னா தோள் மேல தூக்கிக்கிட்டு காது வரைக்கும் வந்துடும்.

மாயத்திரை · 10:02
எதுக்கு இவ்வளவு குழப்பம், பின்னணியை மங்கலாக்கிடுங்க, எல்லாம் சரியாயிடும்.

லென்ஸ்மூடி · 10:05
பின்னணியை மங்கலாக்கினா சட்டை எப்படிங்க சரியாகும்? அதுவும் சட்டை நிறமும் சுவர் நிறமும் ஒண்ணா இருந்தா ஆப்புக்கு ஆள் எங்க முடியுது, சுவர் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது. கைய ஆட்டினா தோள் பாதி காணாமப் போகும். பின்னணியை மாத்த முதுகுக்குப் பின்னாடி பச்சைத்திரை கட்டுறவங்க பச்சைச் சட்டை போட்டா கழுத்துக்குக் கீழ ஆளே இருக்க மாட்டாங்க.

நாலுகண் · 10:08
கண்ணாடிக்கு இன்னும் பதில் வரல. போடுறவங்களா இருந்தா: திரையும் விளக்கும் கண்ணாடியில பளிச்சுன்னு தெரியும், அதனால திரையில வெள்ளைப் பக்கம் எதையும் திறந்து வைக்காதீங்க, விளக்கை மேலயும் ஒரு பக்கமாவும் வைங்க. லேப்டாப்பைப் புத்தகம் அடுக்கிக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்க.

தூங்காமூஞ்சி · 10:13
மேல மட்டும் சரியா போட்டா போதுமே. நான் போன இண்டர்வியூவுக்கு இடுப்புக்குக் கீழ லுங்கிதான். வேலையும் கிடைச்சுது.

பழையபேட்டரி · 10:17
இதுதான் இந்தத் தலைமுறையின் அலட்சியம். உடை மனநிலையை மாற்றும் என்பது ஆய்வில் வந்த விஷயம். ஹாஜோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்ற இருவர் 2012-ல் வெளியிட்டார்கள். வெள்ளைக் கோட்டை மருத்துவர் கோட் என்று சொல்லி அணிவித்தால் கவனம் கூடியது, அதே கோட்டை ஓவியர் கோட் என்றபோது கூடவில்லை. கீழே லுங்கி கட்டியவன் மனமும் லுங்கியில்தான் இருக்கும்.

தூங்காமூஞ்சி · 10:22
அதே ஆய்வோட முதல் சோதனையை 2019-ல வேற குழு அதிகம் பேரை வச்சுத் திரும்பச் செஞ்சாங்களே, அந்த விளைவு வரலேன்னு. அது கண்ணுல படலையா சார்?

பழையபேட்டரி · 10:26
முதல் சோதனைதான் பொய்த்தது. நான் சொன்னது அதற்கு அடுத்த சோதனை. படித்துவிட்டு வாதாடவும்.

தூங்காமூஞ்சி · 10:28
அஸ்திவாரம் ஆடினா மாடி நிக்குமா சார்.

எச்சார்காரி · 10:31
ரெண்டு பேரும் கோட்டைக் கழட்டி வச்சுட்டு வாங்க. அந்தப் பொண்ணுக்கு நாளைக்குக் காலைல இண்டர்வியூ. மனநிலை எப்படியோ, பேசிட்டு இருக்கும்போது சார்ஜர் கழண்டா எழுந்துதான் ஆகணும். முழுசாப் போட்டுக்கங்க, அவ்வளவுதான்.

தூங்காமூஞ்சி · 10:33
லுங்கியும் முழுசாத்தான் இருந்துச்சு.

மாயத்திரை · 10:40
சந்தடி சாக்குல என் சந்தேகம் ஒண்ணு. டியூப்லைட் போட்டா என் படத்துல பட்டை பட்டையா ஓடுது. அதுவும் மோரேவா?

லென்ஸ்மூடி · 10:44
இல்ல, அது கரண்ட். 50 ஹெர்ட்ஸ்னா விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்கும், 60-ன்னா 120. கேமரா செட்டிங்ல அதை உங்க ஊர் கரண்டுக்குத் தகுந்த மாதிரி மாத்துங்க. தனி இழை போடுங்களேன், இது ஏற்கெனவே எங்கெங்கயோ போயிடுச்சு.

அவசரக்குடுக்கை, படிச்சா இதை மட்டும் செய்யுங்க. இப்ப ராத்திரி லைட்ல பார்த்து முடிவு பண்ணாதீங்க. காலைல எட்டு மணிக்கே அதே நாற்காலி, அதே வெளிச்சத்துல உட்காருங்க. லேப்டாப்ல ஒரு மீட்டிங் திறந்து அதே மீட்டிங்ல போன்லயும் நுழைங்க. எதிரொலி வராம இருக்கப் போன்ல மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைச்சிடுங்க. அவங்களுக்கு எப்படித் தெரியுமோ கிட்டத்தட்ட அப்படியே போன்ல தெரியும். உங்க லேப்டாப்ல தெரியுற உங்க படம் கண்ணாடி மாதிரி இடம் வலமா இருக்கும், நெட்ல போய் நசுங்கின படமும் அது இல்ல. அதை நம்பாதீங்க. போன்ல பார்த்துக்கிட்டே முன்ன பின்ன அசைங்க. துணி ஊர்ந்தா மாத்துங்க.

நாலுகண் · மறுநாள் காலை 9:12
எட்டு மணி தாண்டிடுச்சு. என்ன போட்டீங்க?

இஸ்திரிப்பெட்டி · 9:30
இஸ்திரி?

பழையபேட்டரி · பகல் 1:05
இப்படித்தான். கேட்பார்கள், நாம் நேரம் செலவழித்து எழுதுவோம், பிறகு ஆளையே காணோம்.

அவசரக்குடுக்கை · மாலை 6:47
சாரி, இண்டர்வியூ முடிஞ்சதும் தூங்கிட்டேன். லென்ஸ்மூடி அண்ணா, போன் வச்சுப் பார்த்தேன். அக்காவோட சாம்பல் நீல டாப்ஸ் நெளியவே இல்ல. கோட் போட்டா தோள் தூக்கிக்கிச்சு, கழட்டிட்டேன். ஜன்னல் முதுகுப் பக்கம்தான் இருந்திருக்கு, நேத்து பகல்ல போட்டுப் பார்த்தப்ப மூஞ்சி கருப்பானதுக்கு அதுவும் காரணம்னு நினைக்கிறேன், மேஜையைத் திருப்பிப் போட்டேன். ஆனா அஞ்சாவது நிமிஷமே எக்செல் ஷீட் ஷேர் பண்ணச் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் நான் ஓரத்துல ஸ்டாம்ப் சைஸ்தான். மூணு பேர்ல ரெண்டு பேர் கேமராவே போடல. ரிசல்ட் அடுத்த வாரம். எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

லென்ஸ்மூடி · 6:55
ஜன்னலை நான் 9:03-க்கே கேட்டேன்.

நாலுகண் · 6:58
கடைசி வரைக்கும் கண்ணாடி போடுவீங்களான்னு சொல்லவே இல்ல.

இஸ்திரிப்பெட்டி · 7:20
டாப்ஸை இஸ்திரி போட்டீங்கதானே?