அறுங்கோண அலகுக்கூட்டில் அணுத்தூரம் தவறாக வருகிறது

கேள்வி: மெக்னீசியப் படிகத்தின் அலகுக்கூட்டில் (திரும்பத் திரும்ப அடுக்கினால் படிகமாகும் மிகச்சிறு கட்டம்) விளிம்பு நீளங்கள்: அடித்தளத்தில் ஏ = 3.21, உயரம் சி = 5.21 ஆங்ஸ்ட்ராம். அணுக்கள் (1/3, 2/3, 1/4), (2/3, 1/3, 3/4). இந்தப் பின்ன ஆயங்களை (விளிம்பின் பங்காகச் சொல்லும் இடங்களை) விளிம்பு நீளத்தால் பெருக்கி பிதாகரஸ் போட்டால் 3.01 வருகிறது. வரவேண்டியது 3.20. எங்கே பிசகு?

பதில் 1: பிதாகரஸ் செங்கோண அச்சுகளுக்குத்தான். இங்கே அடித்தளத்தின் இரு அச்சுகளுக்கு இடையிலான கோணம் காமா 120°. தள வித்தியாசங்கள் 1/3, −1/3. அவற்றின் வர்க்கங்களோடு 2 × (1/3) × (−1/3) × கொசைன் 120° = +1/9 சேரவேண்டும்; அதை விட்டுவிட்டீர்கள். 3.21² × 3/9 + 5.21² × 1/4 = 10.22. வர்க்கமூலம் 3.20.

பதில் 2: மென்பொருளில் இடும்போது 0.33, 0.67 என்று சுருக்காதீர்கள். சிறப்பு இடம் (சமச்சீர் செயல்கள் அணுவை நகர்த்தாமல் விடும் இடம்) என்பது அதற்குப் புரியாமல், ஒவ்வோர் அணுவையும் மூன்றாக்கிவிடும். 0.33333, 0.66667 என எழுதி, கூட்டில் 2 அணுக்களே உள்ளனவா என எண்ணுங்கள்.

பதில் 3: வேறு படிகங்களில் அடுத்த கூட்டின் அணு இன்னும் அருகில் இருக்கலாம். ஆயங்களில் 1 கூட்டியும் கழித்தும் பாருங்கள்.