கீர்த்தனில் கிட்டாரும் டிரம்ஸும் சேரும்போது எங்கே இடிக்கிறது?

ஹார்மோனியம் வாசிப்பவர்

குழுவில் கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் வந்து உட்கார்ந்ததும் முதலில் இடிப்பது சுருதிதான். ஹார்மோனியத்தின் ரீடு பித்தளை. மேடையில் வைத்து அதைத் திருத்த முடியாது, மற்றவர்கள்தான் அதற்குச் சேர வேண்டும். புதுப் பெட்டிகளில் ஆறாம் கட்டை (மேற்கத்திய ‘ஏ’ ஸ்வரம்) பெரும்பாலும் 440 ஹெர்ட்ஸ். பழையவற்றில் 442 சாதாரணம். கிட்டார்காரர் தன் டியூனரை 440-இல் வைத்துத் தனியாகச் சேர்த்துக்கொண்டு வந்தால், ஆறாம் கட்டையில் நொடிக்கு இரண்டு முறை அலை அடிக்கும். பாடுபவருக்குக் காரணம் புரியாது, ஆனால் குரல் நிற்காது.

செய்ய வேண்டியது: ஒரே ஒரு ரீடு வரிசையை மட்டும் திறந்து, ஆறாம் கட்டையை அழுத்தி, துருத்தியை நிதானமாக, ஒரே சீராகப் போடுங்கள். வேகமாக அடித்தால் சுருதி அசையும். டியூனர் காட்டும் எண்ணையே எல்லோருக்கும் அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண் குரலுக்கு ஒன்றரைக் கட்டை (சி ஷார்ப்) மேஜர் என்றால், கிட்டாரில் கேப்போவை (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) முதல் ஃபிரெட்டில் போட்டு சி வடிவம். அதே கட்டையில் மைனர் என்றால் நான்காம் ஃபிரெட்டில் போட்டு ஏ மைனர் வடிவம். பெண் குரல் ஐந்தரைக் கட்டை என்றால் முதல் ஃபிரெட், ஜி வடிவம்.

மேற்கத்திய வாத்தியம் எதற்கு என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹார்மோனியமே 1842-இல் பாரிஸில் டெபைன் காப்புரிமை பெற்ற வாத்தியம். தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி போடும் வடிவம் 1875 வாக்கில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் செய்தது. ஸ்வரங்கள் அசையாத வாத்தியம் என்று சொல்லி 1940-இல் அகில இந்திய வானொலி அதையும் வெளியே நிறுத்தியது.

கிட்டார்

சுருதி சேர்ந்த பிறகுதான் உண்மையான சண்டை ஆரம்பம். அது கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு. ராகத்தில் இல்லாத ஸ்வரத்தைக் கார்டு உள்ளே கொண்டுவந்துவிடும். ஒரு கட்டையை (சி) ஆதாரமாக வைத்துச் சொல்கிறேன்.

மோகனத்தில் மத்தியமம், நிஷாதம் இரண்டும் இல்லை. வழக்கமான சி, எஃப், ஜி என்று சுற்றினால் எஃப் மத்தியமத்தையும், ஜி நிஷாதத்தையும் கூட்டிவரும். பாட்டு உடனே சினிமா மெட்டுபோல ஆகிவிடும். சி மேஜர், ஏ மைனர், ஜி சஸ்-ஃபோர் (ஜி, சி, டி) இந்த மூன்றும் ராகத்துக்குள்ளேயே அடங்கும். இரண்டு மணி நேரம் போனாலும் அலுக்காது.

மத்தியமாவதி இன்னும் நுட்பம். காந்தாரமே கிடையாது. ஆகவே ஆதார கார்டு மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. கை பழகிய தோஷத்தில் சி மைனரைப் பிடித்தால் மங்களத்துக்குச் சோகம் வந்துவிடும். சி சஸ்-டூ (சி, டி, ஜி), ஜி மைனர், பி ஃபிளாட் மேஜர் மட்டும் போதும். மாயாமாளவகௌளையில் சி மேஜரிலிருந்து டி ஃபிளாட் மேஜருக்குப் போய்த் திரும்பினாலே பாதி வேலை முடிந்தது. எஃப் மைனரும் பொருந்தும்.

கமகம் உள்ள இடத்தில் கார்டைத் தவிர்ப்பதே நல்லது. பாடுபவர் காந்தாரத்தை அசைக்கும்போது கிட்டார் அதை ஆணி அடித்து நிறுத்தக்கூடாது. ச-ப மட்டும் மீட்டிவிட்டு ஒதுங்குங்கள்.

பேஸ்

கார்டு சரியாக இருந்தும் ராகம் மாறிவிடுகிறதே என்றால் பேஸைப் பாருங்கள். மோகனம் பாடும்போது பேஸ் தைவதத்தில் நான்கு ஆவர்த்தனம் உட்கார்ந்தால் காது அதையே ஷட்ஜமாக எடுத்துக்கொள்ளும். கிரக பேதம்தான் (ஆதார ஸ்வரம் மாறுவதால் ராகம் மாறுவது), வேறொன்றுமில்லை. கேட்பது சுத்த தன்யாசி ஆகிவிடும், கூட்டம் எங்கே எடுப்பது என்று தடுமாறும். ஏ மைனர் வந்தாலும் பேஸ் ஷட்ஜமத்திலேயே நிற்கட்டும். ஆவர்த்தனக் கடைசியில் ஒரு பஞ்சமம் தொட்டுவிட்டு வரலாம், அவ்வளவே.

தபலா

கஹர்வா தாளத்தின் எட்டு மாத்திரையில் ஐந்தாவது காலி. அங்கே பாயன் (தபலா ஜோடியில் கனத்த ஒலி தரும் இடப்பக்க முழவு) மௌனம், அந்த இடைவெளிதான் தாளத்தைத் தூக்கி நிறுத்துகிறது. நாலுக்கு நாலு அடிக்கும் டிரம்மர் கிக்கை (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒன்றிலும் மூன்றிலும் போடுவார். அந்த மூன்று நம் ஐந்தாம் மாத்திரை. மௌனம் இருக்க வேண்டிய இடத்தில் இடி விழுகிறது, தாளம் கனத்துப்போகிறது. மூன்றில் விழும் கிக்கை எடுத்துவிடச் சொல்லுங்கள், ஸ்னேரை விளிம்பில் மட்டும் தட்டச் சொல்லுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

லூப் பெடலில் தாளத்தைப் பதிந்து ஓட்டவே கூடாது. கீர்த்தன் நிமிடத்துக்கு 65, 70 அடியில் தொடங்கி 140 வரை ஏறும். லூப் ஏறாது. அதில் தம்பூராவை மட்டும் போடலாம்.

பாடுபவர்

‘ஹரே கிருஷ்ண’ மகாமந்திரத்தில் பதினாறு நாமம், நாமத்துக்கு இரண்டு எழுத்து. அடிக்கு ஒரு நாமம் என்றால் ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம் கச்சிதமாக முடியும். அதனால்தான் எந்த மேற்கத்திய மெட்டிலும் உட்கார்ந்துகொள்கிறது. துவாதசாக்ஷரி (‘ஓம் நமோ பகவதே வாசுதேவாய’) அப்படியில்லை. பன்னிரண்டு எழுத்தை எட்டில் திணித்தால் எங்காவது இழுக்க வேண்டும், பெரும்பாலும் இழுபடுவது ‘பகவதே’யின் முதல் இரண்டு குறில். தாத்ரா தாளத்தின் ஆறு மாத்திரையில் போட்டால் தானாக அமையும். பஞ்சாட்சரத்தில் (‘நமசிவாய’) நெடில் ‘வா’ ஒன்றுதான். மெட்டின் நீண்ட ஸ்வரம் அங்கே விழவேண்டும், ‘ம’வில் விழுந்தால் மெட்டைத் திருத்துங்கள், மந்திரத்தை அல்ல.

ஒலியமைப்பு

தபலாக்காரர் சொன்ன 140-க்கு ஒரு எச்சரிக்கை. 30 மீட்டர் பின்னால் இருப்பவருக்குச் சத்தம் போய்ச்சேர ஏறக்குறைய 0.09 நொடி, அவர் பதில் மேடைக்குத் திரும்ப இன்னொரு 0.09. எழுபதில் ஓர் அடி 0.86 நொடி, ஆகவே தாமதம் ஐந்தில் ஒரு பங்கு. சமாளிக்கலாம். 140-இல் அது அடியில் ஐந்தில் இரண்டு பங்கு! கூட்டம் பிந்துவதாக நினைத்து மேடை இன்னும் ஓட்டும், கைதட்டல் உடையும். நீள அரங்கில் 120-ஐத் தாண்ட வேண்டாம். மேடையில் இருப்பவர்கள் கூட்டத்தின் தாளத்தைப் பின்தொடரக்கூடாது, தபலாவை மட்டும் மானிட்டரில் கேட்கட்டும்.

ஹார்மோனியத்துக்கு மைக்கை ஒரு சாண் தள்ளி, துருத்தியின் காற்று படாத பக்கம் வையுங்கள். பாடுபவரின் மைக்கிலேயே ஹார்மோனியம் பாதி வந்துவிடும், ஆகவே அதன் மைக்கைக் கடைசியில் திறந்தால் போதும்.

ஜால்ரா மைக் அருகில் ஒரு ஜோடிக்கு மேல் கூடாது. அதன் கூர்மை சொற்களின் மெய்யெழுத்து இருக்கும் இடத்திலேயே விழுகிறது. ஐந்து ஜோடி சேர்ந்தால் ‘கிருஷ்ண’வில் ‘ஷ்’ காணாமல் போகும்.

ஹார்மோனியம் வாசிப்பவர்

விட்டுப்போன ஒன்று. நடுவில் ஒரு கட்டை அழுத்தாமலே ஊதிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் கட்டையின் அடியில் தூசி, அல்லது ஈரத்தில் மரம் உப்பியிருக்கும். கட்டையைப் பக்கவாட்டில் இரண்டு முறை அசைத்துப் பாருங்கள். அழுத்தியும் சத்தமே வராவிட்டால் ரீடின் இடுக்கில் தூசி. மெல்லிய காகிதத்தை ரீடின் நாக்கின் (அதிரும் தகடு) அடியில் நுழைத்து மெதுவாக இழுங்கள். நாக்கை வளைத்துவிட்டால் சுருதி போச்சு.

கிட்டார்

அந்தக் காகிதம் எப்போதும் என் கேப்போ டப்பாவிலும் இருக்கும்.