புரொஜெஸ்டிரோன் போட்ட ராத்திரிகள்: உங்களுக்கு எப்படி?

ஈரோடு, 52 வயது

மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. ராத்திரியில் மூன்று நைட்டி மாற்றும் அளவுக்கு வியர்வை. அதற்காகக் கையில் தடவ ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஜெல்லும், இரவில் போட 100 மில்லிகிராம் புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக்கடைத் தம்பி சீட்டைப் பார்த்துவிட்டு, “பொண்ணுக்காம்மா? எத்தனாவது மாசம்?” என்றான். நம் ஊரில் அந்த மாத்திரை கர்ப்பிணிகளுக்கு என்றே பெயர் வாங்கிவிட்டது.

முதல் வாரம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வயிறு முட்டச் சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மறுநாள் சட்னிக்குத் தேங்காய் துருவ அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தேன். பாதி மூடி துருவுவதற்குள் கண் சொக்குகிறது, சுவர் மெல்ல ஆடுகிறது. மூடி கையிலிருந்து நழுவி உருண்ட சத்தத்தில்தான் விழித்தேன். விரல் தப்பியது குலதெய்வப் புண்ணியம்.

அப்புறம்தான் டாக்டரம்மா விளக்கினார். விழுங்கும் புரொஜெஸ்டிரோன் கல்லீரல் வழியாகப் போகும்போது அலோபிரெக்னனோலோன் என்று வேறொன்றாக மாறுகிறதாம். தூக்க மாத்திரை மூளையில் எங்கே வேலை செய்கிறதோ, ஏறக்குறைய அதே இடத்தில் இதுவும் வேலை செய்கிறது. சாப்பாட்டோடு போட்டால் ரத்தத்தில் இன்னும் அதிகமாக ஏறும். இப்போது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுப்படியைப் பூட்டிவிட்டுத்தான் போடுகிறேன். தூக்கம் அருமை. காலையில் ஏழு மணி வரை மந்தமாக இருப்பது மட்டும் போகவில்லை.

நெல்லை, 49 வயது

அக்கா, உங்களுக்குத் தூக்கம், எனக்கு அழுகை. எனக்கு இன்னும் மாதவிடாய் முழுசாக நிற்கவில்லை. அதனால் மாதம் 12 நாள் மட்டும் 200 மில்லிகிராம். அந்த நாட்களில் பால்காரர் லேட்டாக வந்தாலும் கண்ணில் தண்ணீர். வீட்டுக்காரர் என் பக்கமே வரமாட்டார். காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் அழுத நாளுக்கு ஒரு புள்ளி வைத்தேன். மூன்று மாதப் புள்ளிகளும் ஒரே மாதிரி: ஆரம்பித்த நான்காம் நாள் தொடங்கி, நிறுத்திய இரண்டாம் நாள் காணாமல் போகிறது.

அந்தக் காலண்டர் தாளைக் கிழித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். வாயால் சொல்லியிருந்தால் “டென்ஷன்மா” என்று அனுப்பியிருப்பார்கள். அதே மாத்திரையைப் பிறப்புறுப்பில் வைக்கச் சொன்னார். முதலில் கல்லீரல் வழியாகப் போகாததால் மூளைக்கு ஏறுவது குறைவாம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் புள்ளிகள் மாதம் 2 ஆகக் குறைந்துவிட்டன. எல்லா மருத்துவரும் இதற்குச் சம்மதிப்பதில்லை, கேட்டுச் செய்யுங்கள்.

நியூ ஜெர்சி, 55 வயது

வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே கிடைக்கும் புரொமெட்ரியம் என்ற புரொஜெஸ்டிரோன் மாத்திரைக்குள் கடலை எண்ணெய் இருக்கிறது. என் தோழிக்குக் கடலை அலர்ஜி. சீட்டு எழுதும்போது யாரும் அதைக் கேட்கவில்லை, மருந்தாளுநர்தான் பிடித்தார்.

தஞ்சாவூர்ப் பக்கம், 56 வயது

நான் செய்ததை யாரும் செய்யாதீர்கள் என்றுதான் எழுதுகிறேன். மாத்திரை போட்டால் வயிறு உப்பியது, மார்பு கனத்து ரவிக்கை உரசினாலே வலி. ஜெல்லால்தான் அனல் நின்றது என்று தெரியும். அதனால் ஜெல்லை வைத்துக்கொண்டு மாத்திரையை மட்டும் சத்தமில்லாமல் விட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை. ஏழு மாதம் ராணி மாதிரி இருந்தேன்.

எட்டாம் மாதம் பாவாடையில் கறை. ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்தோல் 11 மில்லிமீட்டர். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால், 4 மில்லிமீட்டரைத் தாண்டினாலே சதை எடுத்துப் பார்ப்பார்களாம். எடுத்தார்கள். முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நகைப் பெட்டியை எடுத்து யாருக்கு எது என்று பிரித்துக்கொண்டிருந்தேன்.

வெறும் தடிப்புதான், புற்று இல்லை. டாக்டர் திட்டவில்லை. நான் வயல்காரி என்று தெரிந்து, “ஜெல் உரம் மாதிரி. உரத்தை மட்டும் போட்டுக்கிட்டே இருந்தா வேண்டாததும் சேர்ந்துதான் வளரும். அதை அடக்கத்தான் மாத்திரை” என்றார். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்குப் பொதுவாக இந்தத் தொல்லையே இல்லையாம், ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். எனக்கு இப்போது மாத்திரைக்குப் பதில், காப்பர்-டி மாதிரி உள்ளே வைக்கும் ஹார்மோன் சாதனம். முதல் நான்கு மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டு எரிச்சல் கிளப்பியது. உப்பல் இல்லை.

ஈரோடு, 52 வயது

தஞ்சாவூர் அக்கா, படித்ததும் என் பெரியக்காவுக்குப் போன் போட்டேன். அவளும் ஜெல் போடுகிறாள். மாத்திரை? “தலை சுத்துதுடி, ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போடறேன். சில வாரம் அதுவும் இல்ல” என்கிறாள். திங்கட்கிழமை டோக்கன் வாங்கியிருக்கிறேன். காலண்டர் தாளையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.