கீரிப்பூச்சிக்கு எசென்ஷியல் ஆயில் குடுக்கலாமா?

பூந்தளிர்:
பையனுக்கு 5 வயசு, ராத்திரி ஆனா பின்னாடி அரிப்புன்னு தூங்கவே மாட்டேங்குறான், டார்ச் அடிச்சுப் பாத்தா வெள்ளை நூல் மாதிரி நெளியுது. பூச்சி மாத்திரை கெமிக்கல்தானே, அதுக்குப் பதிலா கிராம்பு எண்ணெயோ தைம் எண்ணெயோ தேன்ல ரெண்டு சொட்டு விட்டுக் குடுத்தா போதும், புழு செத்துரும்னு ஆராய்ச்சியே இருக்குன்னு வீடியோல சொல்றாங்க. யாராவது குடுத்திருக்கீங்களா?

காட்டுமல்லி:
இயற்கைதானே சிஸ்டர், ரெண்டு சொட்டுல என்ன ஆகிடப்போகுது, குடுத்துப் பாருங்க.

லேப்கோட்டு:
மேல சொன்னதைக் கேக்காதீங்க சிஸ்டர், ப்ளீஸ். எசென்ஷியல் ஆயில்ங்கிறது காய்ச்சி வடிச்ச சாறு, வீரியம் ரொம்ப ஜாஸ்தி. சின்னப் பசங்க கிராம்பு எண்ணெய் குடிச்சு லிவர் கெட்டுப்போன கேஸ் இருக்கு, யூகலிப்டஸ் எண்ணெய் உள்ள போனா ஃபிட்ஸே வரும்.

ஆராய்ச்சி இருக்குறது நிஜம்தான், ஆனா பாதிக்கு மேல லேப்ல தட்டுல முட்டையையும் புழுவையும் போட்டு அது மேல எண்ணெய் ஊத்திப் பாத்தது. வயித்துக்குள்ள கதை வேற. எண்ணெயை சிறுகுடலே உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்பிடும், கீரிப்பூச்சி உக்காந்திருக்கிறதோ பெருங்குடல் ஆரம்பத்துல, அதாவது புழுவுக்குப் போக வேண்டியது புள்ளைக்குப் போகுது. பூச்சி மாத்திரைல இருக்கிற அல்பெண்டசோல் மருந்து அப்படியே உல்டா, உடம்புல ரொம்பக் கம்மியாதான் ஏறும், மிச்சம் குடல்லயே கிடந்து புழு குளுக்கோஸ் எடுக்க முடியாம பட்டினி போட்டுக் கொன்னுடும்.

பழைய டைரி:
இதெல்லாம் புதுசு இல்லைங்க, பெரிய அளவுலயே குடுத்துப் பாத்தாச்சு. ஓமத்துல இருக்கிற தைமாலை 1880 வாக்குல இத்தாலில பொஸ்ஸோலோன்னு ஒரு டாக்டர் கொக்கிப்புழுங்கிற இன்னொரு குடல்புழுவுக்குக் குடுத்தாரு. கிராம் கணக்குல குடுக்கணும், கூட எண்ணெயோ சாராயமோ சேரக்கூடாதுன்னு கண்டிஷன், சேந்தா தைமால் அதுல கரைஞ்சு ரத்தத்துல ஏறி ஆளுக்கே ஆபத்து (இப்ப தேன்ல எண்ணெயைக் கலந்து குடுங்கன்னு வீடியோ போடுறவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது). அப்புறம் கீனோபோடியம்னு ஒரு செடியோட எண்ணெய் வந்துச்சு, அமெரிக்காவோட ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஆளுங்க கொக்கிப்புழு ஒழிப்புல நிறைய பேருக்குக் குடுத்தாங்க. அதுல இருக்கிற அஸ்கரிடோல் புழுவை நல்லாவே கொன்னுச்சு, ஆனா டோஸ் கொஞ்சம் தப்பினா காது கேக்காமப் போச்சு, சிலர் செத்தும் போனாங்க. வேலை செய்யலன்னு யாரும் அதை விடல, புழுவைக் கொல்ற அளவுக்கும் மனுஷனைக் கொல்ற அளவுக்கும் நடுவுல இடைவெளியே இல்லைன்னுதான் விட்டாங்க.

வெள்ளாட்டுக்காரன்:
ஆட்டுக்குக் கேட்டீங்கன்னா விஷயம் கொஞ்சம் வேற. ரத்தம் குடிக்கிற வயித்துப்புழு இப்ப பல மந்தைல மாத்திரைக்கே அசையறதில்ல, அதனாலதான் இந்த எண்ணெய்ங்களை இன்னும் விடாம ஆராயுறாங்க. அங்கயும் தட்டுல செத்த புழு ஆட்டு வயித்துல அவ்வளவு லேசுல சாகுறதில்ல.

பூந்தளிர்:
ரொம்ப தேங்க்ஸ்ங்க, எண்ணெயைத் தொடல. மாத்திரை ஒரு தடவை குடுத்தா போதுமா? மலம் டெஸ்ட் எடுக்கணுமா?

லேப்கோட்டு:
மலத்துல பெரும்பாலும் மாட்டாது, புழு ராத்திரி வெளிய வந்து ஆசனவாயைச் சுத்தித் தோல்லதான் முட்டை போடும். காலைல கழுவுறதுக்கு முன்னாடி செலோ டேப்பை அங்க ஒட்டி எடுத்து ஸ்லைடுல வெச்சா மைக்ராஸ்கோப்புல தெரிஞ்சுடும், நீங்க கண்ணாலயே பாத்துட்டதால டாக்டர் அதுகூட கேக்காம இருக்கலாம். மாத்திரை முட்டையைக் கொல்லாது, அதனால 2 வாரம் கழிச்சு இன்னொரு தடவை, வீட்ல எல்லாருக்கும் சேத்து. டோஸை டாக்டரே சொல்லட்டும், யாராவது கர்ப்பமா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. நகத்தை ஒட்ட வெட்டி விடுங்க, காலைல எழுந்ததும் குளிப்பாட்டுங்க, பெட்ஷீட் ஜட்டியெல்லாம் உதறாம அப்படியே சுருட்டி சுடுதண்ணில போடுங்க, உதறினா முட்டை ரூம் பூரா பறக்கும்.