ஹைத்தியில ஜெயிச்சது டெஸ்ஸலினா, கொசுவா?

கரிசல்காரன்:
நேத்து வேற ஒரு பேச்சுல நீலகண்டன் போற போக்குல எழுதிட்டுப் போயிருக்காரு: "ஹைத்தி அடிமைகள் நெப்போலியன் படையை ஜெயிக்கல, கொசு ஜெயிச்சுக் குடுத்துச்சு." படிச்சதுல இருந்து வயிறு எரியுது. ஹைத்தி அப்ப கரீபியன் கடல்ல பிரெஞ்சுக் காலனி; கொசுன்னு அவர் சொல்றது அது பரப்புற மஞ்சள் காய்ச்சலை. 1802 மார்ச், கிரெத்-தா-பியெரோ கோட்டை. உள்ள அடிமைகள் படைத் தளபதி டெஸ்ஸலினோட ஆளுங்க ஆயிரம் சொச்சம். சுத்தி நின்ன பிரெஞ்சுப் படை பத்தாயிரத்துக்கு மேல. கடைசியில ராத்திரியோட ராத்திரியா முற்றுகையைப் பொத்துக்கிட்டு வெளிய வந்துட்டாங்க. காய்ச்சல் காலமே அப்ப தொடங்கல. எந்தக் கொசு தம்பி அங்க சண்டை போட்டுச்சு?

நீலகண்டன்:
கோட்டையை விட்டுட்டு ஓடினதுக்குப் பேரு வெற்றியா அண்ணே? ஏப்ரல்ல உங்க இன்னொரு தளபதி கிறிஸ்டோஃப் சரண். மே மாசம் தலைவர் டூசானே சரண். உங்க டெஸ்ஸலின், பிரெஞ்சுத் தளபதி லெக்ளேர்கிட்டயே வேலைக்குச் சேர்ந்தாரு. அதுக்கப்புறம் மஞ்சள் காய்ச்சல். நவம்பர் 2ல லெக்ளேரே காலி. நெப்போலியன் தங்கச்சி புருஷன் குண்டடி பட்டுச் சாகல. கொசு.

மீனா_புதுவை:
பிரெஞ்சுல 'ஹ' உச்சரிக்க மாட்டாங்க. அது 'அயித்தி'. அப்புறம், கொசுதான் இந்தக் காய்ச்சலைப் பரப்புதுன்னு கியூபா டாக்டர் ஃபின்லே சொன்னதே 1881ல.

நீலகண்டன்:
தெரியாட்டி கடிக்காதா மேடம்?

கரிசல்காரன்:
உச்சரிப்புக் கிளாஸ் தனியா வெச்சுக்கோங்கம்மா. நீலகண்டன், 1802 பிப்ரவரியிலயே டூசான் டெஸ்ஸலினுக்குக் கடுதாசி போடுறாரு: மழைக்காலம் வந்து எதிரியைத் தொலைச்சுக் கட்டும், அதுவரைக்கும் அழிவும் நெருப்பும்தான் நம்ம ஆயுதம்னு. கிறிஸ்டோஃப் லெ காப் நகரத்தைக் கொளுத்தினப்ப முதல்ல பந்தம் வெச்சது சொந்த வீட்டுக்கு. போட்ட கணக்கு பலிச்சா அது கொசு சாமர்த்தியமா?

நீலகண்டன்:
ஆக, கொசுவுக்காகக் காத்திருந்தாங்கன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நன்றி.

கரிசல்காரன்:
எங்க ஊர்ல விதைச்சவன் மழைக்குக் காத்திருப்பான். அதுக்காக பருத்தியை மழையா எடுத்துச்சு? முன்னாடி பிளாசிப் போர் பத்தின பேச்சுலயும் இதே கதைதான் உமக்கு. அங்க மழையில வெடிமருந்து நனைஞ்சுது, ரஷ்யாவுல பனி, ஹைத்தியில கொசு. மனுஷன் எங்கயாவது ஜெயிச்சிருக்கானா?

நீலகண்டன்:
பிளாசியை ஏன் இழுக்குறீங்க? அங்க நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல.

தண்டோரா:
ரெண்டு பேரும் பிரிட்டிஷ் கப்பலை மறந்துட்டீங்க. 1803 மே மாசம் மறுபடி பிரிட்டன்-பிரான்ஸ் சண்டை. கடலை அடைச்சாச்சு, பிரெஞ்சுக்காரனுக்கு ஆளும் வராது, சோறும் வராது. லெக்ளேருக்கு அப்புறம் வந்த பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போ கடைசியில சரணடைஞ்சது பிரிட்டிஷ்காரன்கிட்ட.

கரிசல்காரன்:
அதே பிரிட்டிஷ்காரன் 1793ல அந்தத் தீவைப் பிடிக்க வந்து 1798ல மூட்டையைக் கட்டினானே, அதையும் சொல்லுங்க.

நீலகண்டன்:
சொல்றேன். ஆயிரக்கணக்குல காய்ச்சல்ல செத்தான். கொசு.

கரிசல்காரன்:
1803 நவம்பர் 18, வெர்தியேர் சண்டை. டெஸ்ஸலின் படைத் தளபதி கப்வாவோட குதிரை குண்டுபட்டு விழுது. எழுந்து வாளை உருவிக்கிட்டு ஓடுறாரு. தொப்பி பறக்குது. அப்பவும் "முன்னேறு"ன்னு கத்துறாரு. ரோஷாம்போ பீரங்கியை நிறுத்தச் சொல்லி ஆளை அனுப்பிப் பாராட்டினான்னு ஹைத்தியில இன்னைக்கும் சொல்லுவாங்க. கொசுவுக்கா ஆள் அனுப்பினான்? 1825ல பிரெஞ்சுக்காரன் 14 போர்க்கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தி 15 கோடி ஃபிராங்க் இழப்பீடு கேட்டானே, கொசுகிட்டயா கேட்டான்?

மீனா_புதுவை:
1838ல அதைக் குறைச்சு, மொத்தம் 9 கோடின்னு ஆக்கினாங்க. பாதித் தகவல் சொல்லாதீங்க.

கரிசல்காரன்:
குறைச்சா கொள்ளை இல்லையா? அப்ப ஹைத்தி ஜனாதிபதியா இருந்த போயேர் அதுக்குக் கையெழுத்துப் போட்டதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

தண்டோரா:
போயேரும் வேற வழி இல்லாமத்தானே...

கரிசல்காரன்:
வழியா? மலை உச்சியில கிறிஸ்டோஃப் கட்டின கோட்டை எதுக்கு நிக்குது, படம் எடுக்கவா?

நீலகண்டன்:
அந்த கிறிஸ்டோஃப் 1820ல தன்னையே சுட்டுக்கிட்டாரு. டெஸ்ஸலினை 1806ல சொந்த ஆளுங்களே கொன்னாங்க. அந்த ஒண்ணு மட்டும் கொசு செய்யலன்னு ஒத்துக்கறேன்.

கரிசல்காரன்:
இது பதில் இல்ல, நக்கல். கிரெத்-தா-பியெரோவுல எந்தக் கொசு? மூணாவது தடவையா கேக்குறேன்.

நீலகண்டன்:
ரெண்டாவது தடவை அண்ணே. எண்ணிப் பாருங்க.