கிளினிக் மருந்து தபாலில் வந்ததா, இல்லையா?

பாலையூற்று மகள்:
நேற்று கோணமலை மைந்தன் அண்ணை எழுதியதைப் படித்ததில் இருந்து மனம் ஆறவில்லை. அவர் எழுதியது இதுதான்: "கொரோனா வந்தும் எங்கள் இலவச சுகாதாரம் ஆட்டம் காணவில்லை. ஊரடங்கிலும் கிளினிக் மருந்து தபாலில் வாசலுக்கே வந்தது." யாருடைய வாசலுக்கு? என் அம்மாவுக்கு அப்போது 68 வயது. 20 வருசமாகச் சீனி வருத்தம், கூடவே பிரஷர். 2020 மார்ச் 20 அன்று ஊரடங்கு போட்டார்கள். அம்மாவின் கிளினிக் கொப்பியில் மார்ச் பக்கத்துக்கு அடுத்த பக்கம் ஓகஸ்ட். இடையில் ஒரு பார்சலும் வரவில்லை.

கோணமலை மைந்தன்:
தங்கச்சி, ஒரு வீட்டில் நடந்ததை வைத்து நாட்டை எடை போடக்கூடாது. நான் 31 வருசம் சுகாதாரத் திணைக்களத்தில் உழைத்தவன். 2020 செப்டெம்பர் முடியும்வரை இலங்கையில் கொரோனாவால் இறந்தவர்கள் 13 பேர். பதின்மூன்றே பேர்! பணக்கார நாடுகளில் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. பி.எச்.ஐமாரும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) மருத்துவமாதுமாரும் வீடு வீடாக ஏறி இறங்கியதால் வந்த பலன். கிளினிக் மருந்து தபாலில் போனது அரசாங்கத் தீர்மானம். பேப்பரில் படமும் வந்தது.

பாலையூற்று மகள்:
பேப்பரில் வந்த படத்தையா அம்மா விழுங்குவது? நான் தீர்மானத்தைக் கேட்கவில்லை அண்ணை, வந்ததா என்று கேட்டேன்.

13 என்று சொல்லி ஏன் நிறுத்திவிட்டீர்கள்? ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் பரவியது, அடுத்தது பேலியகொடை மீன் சந்தையில். 2021 ஓகஸ்டில் டெல்டா வந்தபோது ஒரே நாளில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். கடைசியில் மொத்தம் 16,000ஐத் தாண்டியது. அதுவும் கொரோனாவால் செத்தவர்கள் கணக்கு மட்டும். மருந்தில்லாமல் சீனி ஏறியவர்கள், நெஞ்சு வலி வந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து வீட்டில் கிடந்தவர்கள், இவர்களை எந்தக் கணக்கில் சேர்த்தார்கள்?

நடந்ததைச் சொல்கிறேன். மருந்து அனுப்ப ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணச் சொன்னார்கள். மூன்று நாள் அடித்தேன், எங்கேஜ். அம்மா என்னிடம் சொல்லாமல் பாக்குவெட்டியால் குளிசையைப் பாதி பாதியாக வெட்டிச் சாப்பிட்டிருக்கிறார், "இருக்கிறது கொஞ்ச நாளைக்குப் போகட்டும்" என்று. குளிசைத் தூள் பாக்குவெட்டியில் வெள்ளையாக ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். ஜூனில் பெருவிரலில் ஒரு கொப்புளம். ஓகஸ்டில் அந்த விரலை எடுத்தார்கள்.

தபால்காரர் மகன்:
அக்கா, உங்கள் அம்மாவுக்கு நடந்தது கவலைதான். ஆனால் "ஒரு பார்சலும் வரவில்லை" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். 2020 ஏப்ரலில் என் அப்பா ஊரடங்குப் பாஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் மருந்து கொண்டு திரிந்தவர். ஒவ்வொரு உறையிலும் பெயர், விலாசம், கிளினிக் நம்பர். வீட்டுக்கு வந்தால் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். எங்களுக்குத் தொற்றிவிடும் என்று ஒன்றரை மாதம் விறாந்தையில் படுத்தார். அவரைத் திருடன் என்றா சொல்கிறீர்கள்?

பாலையூற்று மகள்:
திருடன் என்ற சொல்லை நான் எழுதவே இல்லை. மேலே போய் வடிவாகப் படியுங்கள். வரவில்லை என்றுதான் எழுதினேன்.

தபால்காரர் மகன்:
வரவில்லை என்றால் கொண்டுவரவில்லை என்றுதானே அர்த்தம்?

கிண்ணியா வாசி:
நீங்கள் பார்சலிலேயே நில்லுங்கள். எங்கள் ஊரில் மருந்து வந்தாலும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகப் பயம். ஏன் என்று கேட்க மாட்டீர்களா? கொரோனா என்று எழுதிவிட்டால், அடக்கம் செய்ய வேண்டிய எங்கள் மையித்தை எரித்துவிடுவார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் 2021 பெப்ரவரி கடைசிவரை எரித்தார்கள். எங்கள் பெரியவாப்பா மூச்சு வாங்கிக்கொண்டு "என்னை ஆஸ்பத்திரிக்கு மட்டும் கொண்டுபோகாதே" என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். கொண்டுபோகவில்லை. அவருக்கு என்ன வருத்தம் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. சுகாதாரத்தில் நம்பிக்கை போனது எதனால் என்று மைந்தன் காக்கா சொல்லட்டும். 2021 மார்ச்சில் மட்டக்களப்பு ஓட்டமாவடியில் புதைக்க விட்டார்கள். எந்த மாவட்டத்தில் மௌத்தானாலும் அங்கேதான், 3,600 பேருக்கு மேல். 2024ல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. சாம்பலிடமா கேட்டார்கள்?

கோணமலை மைந்தன்:
அது அரசியல், சுகாதாரம் அல்ல. இரண்டையும் குழப்பாதீர்கள். பேசத் தொடங்கினால் நானும் பேசுவேன். 2021ல் கிண்ணியாவில் பிரிவு பிரிவாக ஏன் பூட்டினார்கள்? சொல் கேட்காமல் திரிந்ததால்தானே?

கிண்ணியா வாசி:
பார்த்தீர்களா, வந்துவிட்டது. திருகோணமலை நகருக்குள் பூட்டவில்லையா? உங்கள் ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினீர்களா? 2017ல் டெங்கு வந்து எங்கள் பிள்ளைகள் ஒரே கட்டிலில் இரண்டு மூன்று பேராகக் கிடந்தபோதும் "கிண்ணியாக்காரர் குப்பை போடுகிறார்கள்" என்றுதான் எழுதினீர்கள். நான் மறக்கவில்லை.

கோணமலை மைந்தன்:
அப்படி நான் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் பொதுவாக எழுதியிருப்பேன்.

திருக்கடலூர் வலை:
ஒரு சொல்லு நானும் சொல்கிறேன். பேலியகொடையில் கொரோனா என்றதும் மீனைத் தொடவே சனம் பயந்தது. கொழும்பில் ஒரு முன்னாள் அமைச்சர் பச்சை மீனைக் கடித்துக் காட்டியும் ஒருவரும் வாங்கவில்லை. கரையில் கிடந்த மீனைக் கருவாடு போட்டோம், உப்புக்கும் கடன். அப்பாவின் பிரஷர் குளிசையைப் பாமசியில் வாங்கக் காசில்லை. மருந்து வருகிறதா வரவில்லையா என்று சண்டை பிடிக்கிறீர்கள், கையில் காசில்லாதவனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

பாலையூற்று மகள்:
ஒன்றல்ல தம்பி. காசில்லாதவனுக்குத்தான் அந்தப் பார்சல் வந்திருக்க வேண்டும். இருக்கிறவன் பாமசியில் வாங்கிக்கொள்வான். அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், வந்ததா?

நிலாவெளி:
மைந்தன் அண்ணை, ஒரு சின்னக் கேள்வி. 2020ல் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? போன மார்கழியில் கனடா ஸ்காபரோவில் பனி தள்ளுகிற படம் போட்டீர்களே?

கோணமலை மைந்தன்:
2018ல் பிள்ளைகளிடம் வந்தேன். அதற்கும் தபாலுக்கும் என்ன சம்பந்தம்? என்னோடு வேலை செய்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், தினமும் கதைக்கிறேன். இந்த நாட்டில் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் எட்டு மணித்தியாலம் காத்திருந்து பார்த்தவன் நான். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் அருமை உங்களுக்குத் தெரியவில்லை.

பாலையூற்று மகள்:
அருமை தெரியும் அண்ணை. என்னைப் பெற்றதும் அங்கே, என் பிள்ளைகளைப் பெற்றதும் அங்கே, ஒரு சதமும் கொடுக்காமல். அதனால்தான் கோபம் வருகிறது. இல்லாத ஒன்றை இருந்தது என்று நீங்கள் எழுதினால் அடுத்த முறையும் அது இருக்காது. அம்மாவின் காலுக்கு மருந்து கட்டிய தாதி மிஸ் தொடர்ந்து இரண்டு நாள் வீட்டுக்குப் போகாமல் நின்றார். அவர் முகக்கவசத்தைக் கழற்றியபோது மூக்கின் மேல் சிவந்து கன்றிப் போயிருந்தது. அந்த மிஸ்ஸைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எழுத வேண்டாம்.

2022ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர் வரவில்லை, நிலாவெளி ஹோட்டல்கள் காய்ந்தன, டொலர் இல்லை. நாம் வாங்கும் மருந்தில் பெரும்பங்கு வெளிநாட்டில் இருந்து வருவது. ஆஸ்பத்திரியிலேயே "வெளியில் வாங்கி வாருங்கள்" என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள்.

கோணமலை மைந்தன்:
2022 ஆட்சியாளர் செய்த கூத்து. வரியைக் குறைத்தது, உரத்தை நிறுத்தியது. அதைக் கொரோனா தலையில் கட்டாதீர்கள்.

பாலையூற்று மகள்:
சரி, 2022ஐ விடுவோம். 2020 ஏப்ரலுக்கு வாருங்கள். வந்ததா?

தபால்காரர் மகன்:
அக்கா, கொப்பியின் முதல் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். பெயரை மறைத்துவிடுங்கள். விலாசத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

பாலையூற்று மகள்:
போட்டிருக்கிறேன். மார்ச் பக்கத்தையும் ஓகஸ்ட் பக்கத்தையும் சேர்த்தே போட்டிருக்கிறேன்.

கோணமலை மைந்தன்:
நடுவில் ஒரு பக்கம் கிழிந்திருக்கலாம்.

பாலையூற்று மகள்:
பக்க இலக்கம் 14, 15. கண்ணாடியைப் போட்டுப் பாருங்கள்.

தபால்காரர் மகன்:
விலாசத்தில் முதலில் கிளிவெட்டி முகாம் என்று எழுதி, வெட்டி, பாலையூற்று என்று எழுதியிருக்கிறது.

பாலையூற்று மகள்:
நாங்கள் சம்பூர் ஆட்கள். 2006ல் இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமில் பல வருசம் தகரக் கொட்டிலில் கிடந்தோம். பிறகு அம்மாவை என்னிடம் கூட்டி வந்தேன். விலாசம் மாறிவிட்டது என்று நானே சொல்லி, என் கண் முன்னால்தான் வெட்டி எழுதினார்கள்.

தபால்காரர் மகன்:
கொப்பியில் வெட்டினார்கள். ஆஸ்பத்திரிப் பதிவில் வெட்டினார்களா?

பாலையூற்று மகள்:
அதைக் கேட்கத்தானே மூன்று நாள் போன் அடித்தேன்!

கோணமலை மைந்தன்:
ஆகவே பார்சல் கிளிவெட்டிக்குப் போயிருக்கும். அனுப்பியிருக்கிறார்கள். நான் சொன்னதும் அதுதான்.

பாலையூற்று மகள்:
நீங்கள் சொன்னது "வாசலுக்கே வந்தது" என்று. ஆள் இல்லாத முகாமில் எந்த வாசல் அண்ணை?

கிண்ணியா வாசி:
மைந்தன் காக்கா, டெங்கு நேரம் நீங்கள் எழுதியதைத் தேடி எடுத்துவிட்டேன். போடட்டுமா?

தபால்காரர் மகன்:
கிளிவெட்டிப் பக்கம் மருந்து கொண்டுபோனவரும் ஒரு தபால்காரர்தான். அவரையும் யாரும் குறை சொல்ல விடமாட்டேன்.